அவிட்டமும் தலைகீழ்ப் பெயர்களும்

சொற்பிறப்பாய்வு ஒலியொப்புமையை மட்டுமே துணையாகக் கொள்ளுமாயின் அது ஆய்வாகாது, ஊகமாகவே முடியும். இதனை உணர்த்தத்தக்க நல்லதொரு சான்று டெல்பினஸ் என்னும் உடுத்தொகுதியாகும். இன்று ஏற்கப்பட்டுள்ள 88 உடுத்தொகுதிகளுள் பரப்பில் இது 69 ஆம் இடத்தையே பெறுகின்றது. கிரேக்கர் இதிலே டொல்பின் உருவத்தைக் கண்டனர். கி.பி. 2 ஆம் நூற்றாண்டில் தொலமி வகுத்த 48 தொகுதிகளுள் இதுவும் ஒன்று.

இதன் முதன்மையான இரு உடுக்களுக்குச் சுவாலொசின், ரொட்டானெவ் என்னும் பெயர்கள் 1814 இல் வெளிவந்த பலேர்மோ வானோக்கு நிலைய அட்டவணையில் விளக்கமெதுவுமின்றி இடம்பெற்றன. உடுப்பெயர்களுட் பல அரபு வழிப்பட்டவை. ஆதலால் இவற்றுக்கும் கீழைத்தேய மொழிகளில் வேர் கண்டோர் உளர். ஆனால் உரோம எழுத்திலுள்ள அப்பெயர்களைப் பின்னிருந்து வாசித்தால் நிக்கொலாஸ் வெனாட்டர் என வருதலைத் தோமஸ் வெப் என்பார் கண்டறிந்தார். அந்நிலையத்தின் தலைவர் பியாசியின் உதவியாளரான நிக்கொலோ கச்சாத்தோரேயின் இலத்தீன் வடிவமே அது. கச்சாத்தோரே, வெனாட்டர் ஆகிய இரண்டும் வேடன் எனப் பொருள்படுவன.

இங்குச் சமூகவியல் உண்மையொன்றும் நோக்கற்பாலது. பியாசி 1801 இல் தாம் கண்ட சீரெஸ் என்னும் கோளுருவுக்குப் பேர்டினாந்து மன்னனின் பெயரையும் சேர்த்தே இட்டார். மன்னன் பெயர் வெளிப்படையாகவே இடம்பெற்றது. உழைத்த உதவியாளன் பெயரோ மறைந்தே நுழைந்தது. எனினும் மன்னன் பெயர் வழக்கொழிந்தது. உதவியாளன் பெயரைச் சர்வதேச வானியல் ஒன்றியம் 2016 இல் முறைப்படி ஏற்றது.

இவ்வுடுக்களையே நாம் அவிட்டம் என்கிறோம். ஒலியை மட்டும் நோக்கி இச்சொல்லைத் தமிழ் வேர்களாகப் பிரித்துக் காட்டுதல் எளிது. ஆயினும் சொல்லின் வரலாறு வேறு. வடமொழிச் சிரவிட்டா என்பதே முதலொலி கெட்டு அவிட்டமாயிற்று. சிராவணம் ஆவணியானதும், சமணர் அமணராயதும் இவ்வகையினவே. சிரவிட்டா என்பது 'மிகு புகழுடையது' எனப் பொருள்படும். வேதாங்க சோதிடம் உத்தராயணத் தொடக்கத்தை இந்நாளுடன் இணைத்துக் கூறும். பிற்கால வடமொழி வழக்கில் 'மிகு செல்வமுடையது' எனப் பொருள்படும் தனிட்டா என்னும் பெயரே மேலோங்கியது. பழைய பெயரையோ தமிழ் வழக்கு இன்றுவரை பேணி வருகின்றது.

எனவே, கடன்சொல் என ஒப்புக்கொள்வதால் தமிழுக்கு இழுக்கு யாதுமில்லை. மாறாக, தமிழரது தொன்மையான பண்பாட்டுத் தொடர்பொன்றுக்கு அச்சொல்லே சான்றாகின்றது. அதனைத் தனித்தமிழாக்கிக் காட்ட முனைவோர், சுவாலொசினுக்கு அரபு வேர் தேடியோரின் வழியிலேயே செல்கின்றனர். பெயரை இட்டவர் யாவர், அது எவ்வழி வந்தது என்னும் வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே வேரை நாடுதல் தகும். மொழிப்பற்று ஆய்வுக்கு ஊக்கமளிக்கலாம். சான்றின் இடத்தை அது பெறலாகாது.