ஹீலியோஸ் 44-2: பழைய கண்ணாடிக்குப் புதிய கேமரா தந்த மறுவாழ்வு

இன்று விற்பனையில் உள்ள நல்ல 50 எம்எம் லென்ஸ் எதை வாங்கினாலும் படம் ஏறத்தாழ ஒன்றாகத்தான் இருக்கிறது. நடுவில் இருக்கும் கூர்மை மூலையிலும் இருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாலும் கான்ட்ராஸ்ட் மங்காது. 2021-ல் வந்த சோனி 50 எம்எம் எஃப்1.2 ஜி மாஸ்டர் இதற்காக 14 கண்ணாடிகளைப் 10 தொகுதிகளாக அடுக்கி, 778 கிராம் எடையில் நிற்கிறது. அரை நூற்றாண்டுக்கு முன் சோவியத் ஆலைகளில் உருவான ஹீலியோஸ் 44-2 லென்ஸிலோ நான்கு தொகுதிகளில் ஆறே கண்ணாடிகள். எடை சுமார் 230 கிராம். அளந்து பார்த்தால் புதியதன் பக்கத்தில்கூட இதனால் நிற்க முடியாது. ஆனாலும் இதைத் தேடி வாங்கி மிரர்லெஸ் கேமராவில் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பழமை மோகம் என்று ஒதுக்குவது எளிது. என் வாதம் வேறு. இந்த லென்ஸின் மதிப்பு அதன் வயதில் இல்லை. அதன் ஒளியியல் பிழையைப் படமெடுப்பவர் தேவைக்கேற்பக் கூட்டவும் குறைக்கவும் முடிகிறது என்பதில் இருக்கிறது. அந்தப் பிடியை நம் கையில் கொடுத்தது புதிய கேமராதான்.

ஹீலியோஸின் மூலம் ஜெர்மனி. யேனா நகரின் கார்ல் ஸைஸ் நிறுவனத்தில் வில்லி மெர்ட்டே வடிவமைத்த பயோட்டார் குடும்பத்தில், 58 எம்எம் எஃப்2 லென்ஸ் 1930-களில் வெளிவந்தது. போருக்குப் பிறகு அதே வடிவமைப்பைத் தழுவி சோவியத் யூனியன் ஹீலியோஸை உருவாக்கியது. மாஸ்கோவை அடுத்த கிராஸ்னகோர்ஸ்க் ஆலையோடு மின்ஸ்க், வால்டாய் ஆலைகளும் இதைத் தயாரித்தன. ஸெனித் கேமரா வாங்கியவர்களுக்கு அதோடு சேர்ந்தே கிடைத்த சாதாரண லென்ஸ் இது. அவ்வளவு பெரிய எண்ணிக்கையில் தயாரானதால்தான் இன்றும் எளிதில் கிடைக்கிறது. புதிய எஃப்1.4 லென்ஸ் ஒன்றின் விலையில் சிறு பங்கைக்கூட இதற்குக் கொடுக்க வேண்டியதில்லை.

இது எம்42 என்ற திருகு மவுன்ட் கொண்டது. லென்ஸ் அமரும் இடத்துக்கும் ஃபிலிமுக்கும் இடையே 45.46 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது அந்த மவுன்டின் கணக்கு. நிக்கான் எஃப் மவுன்டில் இந்த இடைவெளி 46.5 மில்லிமீட்டர். அதனால் நிக்கான் எஸ்எல்ஆரில் வெறும் அடாப்டர் வைத்து மாட்டினால் தொலைவில் உள்ளது ஃபோகஸ் ஆகாது. கேனான் ஈஎஃப் 44 மில்லிமீட்டர் என்பதால் மெல்லிய வளையம் போதும். ஆனால் ஆட்டோ ஃபோகஸை நம்பி உருவான வியூஃபைண்டரில் எஃப்2-க்குச் சரியாகக் கையால் ஃபோகஸ் செய்வது பாதி அதிர்ஷ்டம். சோனி ஏ7 2013-ல் வந்ததும் நிலைமை மாறியது. அதன் மவுன்டின் இடைவெளி 18 மில்லிமீட்டர் மட்டுமே. மீதி 27 மில்லிமீட்டர் சொச்சத்தை உள்ளே கண்ணாடியே இல்லாத ஓர் உலோகக் குழாய் நிரப்பிவிடுகிறது. வியூஃபைண்டரில் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணிமையின் மயிர் வரை பார்க்கலாம். ஃபோகஸ் பீக்கிங்கை இயக்கினால் கூர்மையான விளிம்புகள் நிறத்தில் ஒளிரும். 58 எம்எம் என்று மெனுவில் பதிந்துவிட்டால், கேமரா உடலில் ஸ்டெபிலைசேஷன் உள்ள மாடல்களில் அதுவும் வேலை செய்யும். லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்க அனுமதிக்கும் அமைப்பை முதலில் இயக்கிவிட வேண்டும். கேமராவைப் பொறுத்தவரை ஹீலியோஸ் மாட்டியிருப்பதும் எதுவும் மாட்டாததும் ஒன்றுதான்.

இனி இந்த லென்ஸின் பெயர்பெற்ற சுழலுக்கு வருவோம். ஒருவரை ஒன்றரை மீட்டர் தொலைவில் நிறுத்தி, அவருக்கு நாலைந்து மீட்டர் பின்னால் வெயில் ஊடுருவும் வேப்பமரம் ஒன்று இருக்கும்படி எஃப்2-ல் எடுத்துப் பாருங்கள். கூர்மையாக இருக்கும் ஆழம் ஏறக்குறைய 8 சென்டிமீட்டர்தான். இலைகளின் நடுவே தெரியும் ஒளிப்புள்ளிகள் படத்தின் நடுவில் வட்டமாக இருக்கும். விளிம்பை நோக்கிப் போகப் போக அவை இருபுறமும் கூம்பிய பூனைக்கண் வடிவத்துக்கு மாறி, நடுப்புள்ளியைச் சுற்றி அணிவகுத்து நிற்கும். பின்னணி முழுதும் முகத்தைச் சுற்றிச் சுழல்வதாகக் கண்ணுக்குப் படுவது இதனால்தான். காரணம் எளிமையானது. ஓரத்திலிருந்து சாய்வாக வரும் ஒளியின் ஒரு பகுதியை லென்ஸ் குழாயின் முன்விளிம்பும் பின்விளிம்பும் வெட்டிவிடுகின்றன. முழுமையாகத் திருத்தப்படாத ஓரப் பிழைகள் அந்த விளைவை இன்னும் அழுத்தமாக்குகின்றன.

இந்த இடத்தில்தான் என் வாதத்துக்கான ஆதாரம் கிடைக்கிறது. அதே இடத்தில் நின்று எஃப்4-க்கு மாற்றுங்கள். அப்பர்ச்சர் சுருங்கியதும், குழாயின் விளிம்பு வெட்டிக்கொண்டிருந்த ஓரத்து ஒளி பெரும்பாலும் கணக்கிலிருந்தே போய்விடுகிறது. விளிம்புப் புள்ளிகள் நிமிர்ந்து, எட்டுத் தகடுகளின் எண்கோண வடிவைப் பெறுகின்றன. சுழல் அடங்குகிறது. எஃப்5.6, எஃப்8 என்று போனால் மூலை வரை கூர்மை வருகிறது. இது ஒழுங்கான சாதாரண லென்ஸாகிவிடுகிறது. அதிலும் 44-2-ல் அப்பர்ச்சருக்கு இரண்டு வளையங்கள். ஒன்றில் எல்லையைக் குறிக்கலாம். மற்றொன்றைத் தடங்கலின்றி முழுத் திறப்பிலிருந்து அந்த எல்லை வரை திருப்பலாம். வியூஃபைண்டரைப் பார்த்தபடியே வளையத்தைத் திருப்பினால் சுழல் கூடுவதும் குறைவதும் கண்முன் நடக்கிறது. வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். ஃபிலிம் காலத்தில் படத்தைக் கழுவிய பிறகே முடிவு உறுதியாகும். இன்று அது எடுப்பதற்கு முன்பே எடுக்கும் தீர்மானமாகிவிட்டது.

“குறையைக் குணம் என்று அழகாகப் பெயர் சூட்டுகிறீர்கள்” என்பது முதல் மறுப்பு. குறைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு விளைவு குறையா கருவியா என்பதைத் தீர்மானிப்பது அது நம் கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்பதுதான். கூர்மையைக் கெடுக்கும் கை நடுக்கம் குறை. வேண்டுமென்றே மெதுவான ஷட்டரில் அருவியைப் பாலாக்குவது உத்தி. ஹீலியோஸில் எதைக் கட்டுப்படுத்த முடியவில்லையோ அதை நானும் குறை என்றே சொல்வேன். இதன் மேற்பூச்சு பழைய காலத்து எளிய பூச்சு. சூரியன் சட்டகத்துக்குச் சற்று வெளியே இருந்தாலே படம் முழுதும் வெளிறிப்போகும். ஹுட் மாட்டுங்கள், ரா கோப்பில் எடுங்கள். இன்றைய சென்சார்களின் வீச்சு பெரிது என்பதால் இழந்த கான்ட்ராஸ்டில் பெரும்பங்கை மீட்கலாம். கறுப்பில் கொஞ்சம் ஒளி கசிவதால் வரும் மென்மை முகங்களுக்குப் பொருந்தும், கட்டடங்களுக்குப் பொருந்தாது.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது: இதையெல்லாம் மென்பொருளே செய்துவிடுமே? அடோபி லைட்ரூமில் 2023-ல் வந்த லென்ஸ் பிளர் வசதியில் பூனைக்கண் வடிவத்தையே தேர்ந்தெடுக்க முடியும். கைப்பேசிகளின் போர்ட்ரெய்ட் மோடும் ஆண்டுக்கு ஆண்டு தேறி வருகிறது. ஆனால் மென்பொருள் செய்வது ஊகம். ஒரு தட்டையான படத்தைப் பார்த்து எது முன்னால், எது பின்னால் என்று அது கணிக்கிறது. காற்றில் பறக்கும் முடிக்கற்றை, மூக்குக் கண்ணாடியின் வழியே தெரியும் பின்னணி, மல்லிகைச் சரத்தின் இடைவெளிகள் ஆகிய இடங்களில் கணிப்பு தவறுகிறது. லென்ஸ் எதையும் கணிப்பதில்லை. ஒவ்வோர் இலையும் எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ அதற்கேற்பவே அது மங்குகிறது. அதோடு, மென்பொருள் விளைவு பிறகு சேர்ப்பது. லென்ஸின் விளைவை எடுக்கும்போதே பார்க்கிறோம். பார்ப்பதால் இரண்டடி பின்வாங்குகிறோம், வெறும் சுவரை விட்டு இலைகளைத் தேடுகிறோம். படத்தின் அமைப்பே மாறுகிறது.

எல்லாருடைய படமும் ஒன்றுபோலச் சுழல்கிறது, சலித்துவிட்டது என்பாரும் உண்டு. அந்தச் சலிப்பு நியாயமானது. முழுத் திறப்பிலேயே எப்போதும் வைத்திருப்பவர்கள் கையில் இந்த லென்ஸ் ஒரே வித்தையைத்தான் காட்டும். ஆனால் எஃப்2.8-ல் சுழல் ஒரு சாயலாக மட்டும் நிற்கும். பார்ப்பவர் பெயர் சொல்ல முடியாத ஓர் அசைவு பின்னணியில் இருக்கும். இந்த லென்ஸின் மிகச் சிறந்த இடம் அதுதான் என்பது என் தீர்ப்பு.

யாருக்கு இது? முதலில், ஃபுல் ஃபிரேம் கேமரா வைத்திருப்பவர்களுக்கு. ஏபிஎஸ்-சி சென்சார் சுழல் நிகழும் ஓரங்களையே வெட்டிவிட்டு, சுமார் 87 எம்எம் லென்ஸின் கோணத்தில் நடுப்பகுதியை மட்டும் தரும். வாங்கியதன் பாதிப் பயன் போய்விடும். அடுத்து, பொறுமையாக முகங்களை எடுப்பவர்களுக்கு. ஓடும் குழந்தை, கல்யாண மேடை, விளையாட்டு எல்லாவற்றுக்கும் ஆட்டோ ஃபோகஸ் லென்ஸே சரி. வாங்கும்போது கைப்பேசி டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்துப் பாருங்கள். நம் கடலோர ஈரப்பதத்தில் கிடந்த லென்ஸ்களில் சிலந்திவலை போன்ற பூஞ்சை இருக்க வாய்ப்பு அதிகம், இருந்தால் விட்டுவிடுங்கள். தகடுகளில் எண்ணெய் படிந்திருந்தால் கவலை வேண்டாம். 44-2-ல் அப்பர்ச்சரைத் திருப்புவது உங்கள் கை, ஸ்பிரிங் அல்ல. இருக்கும் நல்ல லென்ஸை விற்றுவிட்டு இதை வாங்காதீர்கள். கூர்மைக்கு அது இருக்கட்டும். பின்னணியும் முகத்தோடு சேர்ந்து பேச வேண்டிய படங்களுக்கு, குறைந்த செலவில் இவ்வளவு கட்டுப்பாட்டைத் தரும் லென்ஸ்கள் அதிகமில்லை.