டீசல் லாரிக்கான எஞ்சின் எண்ணெய்த் தெரிவு: இந்தியாவிலும் இலங்கையிலும்

டீசல் லாரிக்கு எஞ்சின் எண்ணெய் வாங்குவோர் இந்தியாவிலும் இலங்கையிலும் முதலில் பார்ப்பது டப்பாவில் அச்சிட்ட பாகுநிலை எண்ணையே. இரு நாடுகளிலும் 15டபிள்யூ-40 பெருவழக்காக உள்ளது. டபிள்யூவுக்கு முன்னுள்ள எண் குளிரில் எண்ணெய் இளகி ஓடும் திறனையும், பின்னுள்ள எண் 100 பாகை செல்சியசில் அதன் தடிப்பையும் குறிக்கின்றன. லடாக் போன்ற கடுங்குளிர்ப் பகுதிகளுக்குச் செல்லும் இந்திய லாரிகளுக்கு முன்னெண் முக்கியமானது. இலங்கையில் நுவரெலியாவின் குளிரோ 15டபிள்யூ எண்ணெய்க்கு ஒரு பொருட்டே அன்று. லடாக் போன்ற விதிவிலக்குகள் நீங்கலாக, இரு நாட்டு வழக்கங்களும் பிரிவது பாகுநிலையில் அன்று. டீசலில் உள்ள கந்தகமும் புகைக்குழாயில் உள்ள வடிகட்டியும் எண்ணெயிடம் எதிர்பார்க்கும் வேதியியல் பண்புகளிலேயே அவை பிரிகின்றன.

கந்தகம் எரியும்போது உண்டாகும் வளிமங்கள் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிப்பதால், அவ்வமிலத்தை முறிக்கும் காரப்பொருள்கள் எண்ணெயில் சேர்க்கப்படுகின்றன. அவற்றின் வலிமையைக் குறிப்பது கார எண். கால்சியம், மக்னீசியம் போன்ற உலோகங்களைக் கொண்ட இதே பொருள்கள் எண்ணெயோடு சிறிதளவு எரியும்போது சாம்பலாக மிஞ்சுகின்றன. புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி, பிடித்த கரியை அவ்வப்போது எரித்துத் தன்னைத் தூய்மையாக்கிக்கொள்ளும். ஆனால் சாம்பல் எரியாது, அடைத்துக்கொள்ளும். காரம் கூடினால் எஞ்சினுக்குப் பாதுகாப்பு, சாம்பல் குறைந்தால் வடிகட்டிக்குப் பாதுகாப்பு என்னும் இந்த இழுபறியே தெரிவின் மையச் சிக்கலாகும்.

இந்தியாவில் இச்சிக்கலைச் சட்டமே பெருமளவு தீர்த்துவிட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 என்னும் மாசுக் கட்டுப்பாட்டு விதி நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தபோது, பத்து இலட்சத்தில் 10 பங்குக்கு மேல் கந்தகம் இல்லாத டீசலும், வடிகட்டியுடன் கூடிய புதிய லாரிகளும் ஒருசேர வந்தன. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் தரவரிசையில் 2016இல் அறிமுகமான, சாம்பல் ஒரு விழுக்காட்டுக்கு மேற்படாத சிகே-4 வகை இவ்வண்டிகளுக்குப் பொருந்துகிறது. பழைய பிஎஸ்-3, பிஎஸ்-4 லாரிகளுக்கு 2002இல் வந்த சிஐ-4 வகையே போதும். நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ பழையதும் புதியதுமாக லாரிகள் வைத்திருக்கும் உரிமையாளர், எல்லா வண்டிக்கும் ஒரே பீப்பாய் வாங்க விரும்புவது இயல்பு. பழைய எஞ்சினில் சிகே-4 ஊற்றினால் கூடுதல் செலவோடு போய்விடும். புதிய எஞ்சினில் சிஐ-4 ஊற்றினாலோ வடிகட்டி காலத்துக்கு முன்பே அடைபடும். உயர்தரத்துக்கு ஏறலாம், இறங்கக் கூடாது என்பதே அங்கு நடைமுறை விதி.

இலங்கையில் இவ்விதி அப்படியே செல்லுபடியாகாது. எரிபொருள் நிலையத்தில் சாதாரண ஒட்டோ டீசல், கந்தகம் மிகக் குறைந்த சுப்பர் டீசல் என இரண்டு கிடைத்தாலும், விலை காரணமாக லொறிகள் பெரும்பாலும் முன்னதையே நிரப்புகின்றன. அதில் கந்தகம் கூடுதலாக இருப்பதால் எண்ணெயின் காரம் விரைவில் தீர்ந்துவிடுகிறது. மேலும் இசுசு எல்ஃப், மிட்சுபிஷி கன்ரர் போன்ற ஜப்பானிய லொறிகள் அங்கே பெருவழக்கு. அமெரிக்க எஞ்சின்களில் சோதித்து வகுத்த தரங்கள் ஜப்பானிய எஞ்சின்களின் தேய்மானத் தேவையை முழுவதும் நிறைவு செய்யாததால், ஜப்பானியர் ஜாசோ என்னும் தனித் தரவரிசையை உருவாக்கினர். அதில் வடிகட்டி இல்லாத வண்டிகளுக்கான டிஎச்-1 எண்ணெயின் கார எண் 10க்குக் குறையக் கூடாது. வடிகட்டி உள்ளவற்றுக்கான டிஎச்-2 எண்ணெய்க்கு 5.5 போதும். பழைய கன்ரரில் ஒட்டோ டீசலை நிரப்பிக்கொண்டு, புதியது என்பதற்காகக் காரம் குறைந்த எண்ணெயை ஊற்றி நெடுநாள் மாற்றாமல் ஓட்டுபவர் பணத்தையும் செலவழித்து எஞ்சினையும் அரிக்கவிடுகிறார். வடிகட்டியுடன் வந்த ஜப்பானிய லொறிக்கோ எண்ணெயை மட்டும் மாற்றித் தீர்வு காண இயலாது. அதற்குச் சுப்பர் டீசலும் டிஎச்-2 எண்ணெயும் சேர்ந்தே வேண்டும். 2020இல் தொடங்கிச் சில ஆண்டுகள் நீடித்த வாகன இறக்குமதித் தடையால் பழைய எஞ்சின்களே தொடர்ந்து உழைத்ததும், எண்ணெய் குடிக்கும் வண்டிகளுக்குத் தடிப்பான 20டபிள்யூ-50 ஊற்றும் பழக்கத்துக்கு இடமளித்தது. அது தேய்ந்த வளையங்களுக்குத் தற்காலிக ஆறுதலேயன்றிப் பழுதுபார்ப்பு அன்று.

பட்டறைகளில் நிலவும் ஒரு தவறான கணிப்பு இரு நாடுகளுக்கும் பொதுவானது. எண்ணெய் அளவுகோலை உருவி, விரல்களுக்கிடையே தேய்த்து, கறுத்திருந்தால் கெட்டுவிட்டதென்றும் கறுக்காவிட்டால் நல்லதென்றும் முடிவு கட்டுகின்றனர். புகைக்கரி ஒன்றுதிரண்டு படியாமல் அதை நுண்துகள்களாக மிதக்கவிடுவது நல்ல எண்ணெயின் கடமையாதலால், டீசல் எஞ்சினில் அது கறுப்பதே முறை. தீர்ந்துபோன காரத்தையோ சேர்ந்துவிட்ட அமிலத்தையோ நிறம் காட்டாது.

சந்தை அளவில் இரு நாடுகளும் நெருக்கமானவை. 1982இல் தொடங்கிய லங்கா அசோக் லேலண்ட் இந்திய வண்டிகளையும், 2003 முதல் இயங்கும் லங்கா ஐஓசி இந்திய எண்ணெய்களையும் இலங்கையில் விற்கின்றன. ஆனால் ஒரே பெயருள்ள லாரியும் ஒரே பெயருள்ள எண்ணெயும் கடல் கடந்தாலும், அவற்றை இணைக்கும் டீசல் கடப்பதில்லை. எனவே இந்தியாவில் வண்டியின் பிஎஸ் நிலையைக் கேட்டாலே எண்ணெய்த் தெரிவு பாதி முடிந்துவிடும். இலங்கையிலோ வண்டி எங்கே செய்யப்பட்டது, வடிகட்டி உண்டா, தொட்டியில் எந்த டீசல் என்னும் மூன்றையும் கேட்ட பின்னரே டப்பாவைத் தொட வேண்டும்.