ஆலைக் கணிப்பொறிகள்: படத்தில் உள்ள ஒரு குறை

பெரிய ஆலைகளில் கணிப்பொறிகள் எவ்வாறு பணி செய்கின்றன என்று விளக்கும் நூல்களில் பெரும்பாலும் ஒரே மாதிரியான படத்தைக் காணலாம். நீண்ட கோடு ஒன்று. கரும்பில் கணுக்கள் இருப்பதுபோல அதன்மேல் சில பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியும் ஒரு கணிப்பொறி; அதையே ‘கணு’ என்கிறோம். வெப்பநிலை, அழுத்தம் முதலியவற்றை அளந்து வால்வுகளை இயக்குவது கட்டுப்பாட்டுக் கணு. அளவுகளைத் திரையில் காட்டுவது ஆபரேட்டர் கணு. அவற்றைச் சேமித்து வைப்பது பதிவுக் கணு. கட்டுப்பாட்டு முறையை அமைக்கவும் மாற்றவும் பயன்படுவது பொறியாளர் கணு.

இப்பிரிவினை ஏன் வந்தது? 1962-இல் இங்கிலாந்தின் ஃபிளீட்வுட் நகரில், ஐ.சி.ஐ. நிறுவனத்தின் சோடா ஆலையில் ஃபெராண்டி ஆர்கஸ் என்னும் கணிப்பொறி 224 அளவுகளைக் கவனித்து 129 வால்வுகளை இயக்கியது. அரிய சாதனைதான். ஆனால், எல்லாப் பொறுப்பும் ஒரே கணிப்பொறியிடம் இருந்தால், அது பழுதானால் என்ன ஆகும்? நுண்செயலிகள் வந்தபின், 1975-இல் ஹனிவெல், யோகோகாவா நிறுவனங்கள் வேலையைப் பல கணுக்களுக்குப் பங்கிட்டுத் தரும் அமைப்புகளை வெளியிட்டன.

இதுவரை நூல்கள் நன்றாகவே விளக்குகின்றன. ஆனால் ஆபரேட்டர் கணுவைப் பற்றி, ‘தகவலைக் காட்டும்’ என்ற ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கின்றன. அந்த ஒரு வரி போதுமா?

1994 ஜூலை 24 அன்று வேல்ஸ் நாட்டின் மில்ஃபோர்டு ஹேவனில், டெக்சாகோ எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் நடந்ததைப் பாருங்கள். காலையில் இடிமின்னலால் ஆலையின் இயக்கம் குலைந்தது. திறந்திருப்பதாகத் திரை காட்டிய ஒரு வால்வு உண்மையில் மூடியிருந்தது. வெளிவழி அடைபட்ட கலனுக்குள் திரவம் தொடர்ந்து செலுத்தப்பட்டது. சுமார் ஐந்து மணி நேரத்திற்குப்பின் வெடிப்பு நிகழ்ந்து 26 பேர் காயமுற்றனர். அதற்கு முந்திய சுமார் 11 நிமிடங்களில் இரண்டு ஆபரேட்டர்களின் முன் 275 எச்சரிக்கைகள் வந்தன. வகுத்துப் பாருங்கள்: இரண்டரை விநாடிக்குள் ஒன்று! படிக்கவே நேரமில்லாதபோது சிந்திப்பது எப்படி?

தகவல் பஞ்சத்தால் நேர்ந்த விபத்து அல்ல இது. ஆலையின் முழு நிலையை ஒரே பார்வையில் உணர்த்தும் திரை அங்கே இல்லை. உள்ளே செல்லும் திரவத்தின் அளவிலிருந்து வெளியேறும் அளவைக் கழித்தால், மீதி கலனுக்குள்தான் இருக்க வேண்டும். பள்ளியில் நாம் படிக்கும் பொருண்மை அழியா விதியே இது. இந்த எளிய வரவு செலவுக் கணக்கைத் திரை காட்டியிருந்தால், வால்வைப் பற்றிய பொய் வெளிப்பட வாய்ப்பு இருந்திருக்கும்.

ஆகவே, இனி இத்தகைய படத்தைக் காணும்போது கணுக்களை எண்ணுவதோடு நின்றுவிடாதீர்கள். திரை காட்டுவது வால்வுக்கு இட்ட கட்டளையையா, வால்வின் உண்மை நிலையையா? அந்த அளவைச் சரிபார்க்க வேறோர் அளவு உண்டா? ஆபத்து நேரத்தில் முதலில் பார்க்க வேண்டிய எச்சரிக்கை எது என்று தெரியுமா? இவற்றுக்கு விடை தராத நூல், ஆலையின் கணிப்பொறிகளைப் பாதிதான் விளக்கியிருக்கிறது.