மூன்றாம் மாதம் வராத நோயாளி

விருத்தாசலத்துச் சூளையின் தரத்தை, கடைக்கு வந்த பீங்கான் பொம்மைகளை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. உள்ளே வெடித்தவற்றையும் எண்ண வேண்டும். வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சை ஆய்வுகள் இடறுவது இந்த எண்ணிக்கையில்தான். பன்னிரண்டாம் வாரம் வாழ்க்கைத்தரக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களில் சிலர் இறந்திருப்பார்கள். சிலருக்குப் பேச முடியாது.

2010இல் ஜெனிஃபர் டெமல் குழு பாஸ்டனில் நடத்திய புகழ்பெற்ற ஆய்வில் நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேர். ஆதரவுச் சிகிச்சை தொடக்கத்திலேயே கிடைத்த 77 பேரில் 60 பேர் பன்னிரண்டாம் வாரம் பதில் தந்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்ற 74 பேரில் 47 பேர். அதற்குள் இரு அணிகளிலும் சேர்த்து 27 பேர் இறந்திருந்தார்கள். விடுபட்ட இடங்களில், இறந்தவர்களுக்கும் சேர்த்து, முதல்நாள் மதிப்பெண்ணையே இட்டும் கணக்குப் பார்த்தார்கள்.

இதில் ஒரு நேர்மை உண்டு. யாரையும் கழித்துவிடவில்லை. வெற்றிடம் அதிகமிருந்தது வழக்கமான சிகிச்சை அணியில். சரிவை மறைக்கும் சலுகையும் அதற்கே கூடுதலாகப் போனது. ஆனால் மருந்தின் மயக்கத்தாலேயே நோயாளிகள் விலகும் ஓர் ஆய்வில் இதே முறை மருந்தின் கெடுதலை மறைத்துவிடும். இறந்தவருக்கு வாழ்க்கைத்தர மதிப்பெண் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்றைய பன்முக இட்டுநிரப்பல் இதைவிட நுட்பமானது; விடுபட்ட மதிப்பெண்ணைப் பல தடவை ஊகித்து இட்டு, ஊகத்தின் நிச்சயமின்மையையும் கணக்கில் சேர்க்கிறது. ஆனால் வராதவர், பதிவான தகவல்களில் தன்னைப் போலிருந்து வந்தவரை ஒத்திருப்பார் என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறது. வலி தாங்காமல் வராதவர் எப்படி ஒத்திருப்பார்? வராதவர்கள் இன்னும் மோசமாக இருந்திருந்தால் முடிவு எந்த இடத்தில் கவிழும் என்று சோதிப்பதே எனக்கு நம்பகமாகப் படுகிறது.

108 ஆதரவுச் சிகிச்சை ஆய்வுகளைத் தொகுத்த 2016ஆம் ஆண்டு மதிப்பாய்வில், முதன்மை அளவீட்டில் ஏறத்தாழ 23 சதவீதம் விடுபட்டிருந்தது. கேள்விகள் கூடக்கூட, காலம் நீள நீள, இழப்பும் கூடியது. அதாவது, ஓட்டையில் ஒரு பங்கு ஆய்வாளர்களே போட்டது.

இறப்பு, நோய் முற்றல், பிற காரணங்கள் என்று இழப்பைப் பிரித்தெழுதச் சொன்னது இறுதிக்காலச் சிகிச்சை ஆய்வுகளுக்கென 2013இல் வந்த மோர்கேர் அறிக்கை. நம் பக்கம் அந்தப் பிரிப்பு இன்னும் அவசியம். விருத்தாசலத்திலிருந்து புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குப் போகிறவர் மூன்றாம் மாதம் வராவிட்டால், படுக்கையில் விழுந்தாரா, கூட வர ஆளில்லையா, பஸ் செலவுக்கு வழியில்லையா? எல்லாவற்றையும் ‘தொடர்பில் இல்லை’ என்று எழுதிவிட்டால் பிறகு எந்தக் கணிதமும் உதவாது.

2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டுக்கே போய் ஆதரவுச் சிகிச்சை தருகிறது. பத்துக்கு எத்தனை வலி என்ற ஒற்றைக் கேள்வியை அங்கேயே கேட்கலாம். ஆனால் அம்மா சொல்லும் எண்ணும் மகள் சொல்லும் எண்ணும் ஒன்றாக இருக்காது; பதில் சொன்னது யார் என்பதற்கும் படிவத்தில் ஒரு கட்டம் வேண்டும்.