கொட்டகைக்குள் ஒரு லங்காஸ்டர்

பிளாஸ்ரிக் விமானம் ஒட்டுவதைச் சிறுபிள்ளை விளையாட்டென்று ஒதுக்கிவிடுவது எம்மவர் மத்தியில் வழக்கம். அண்மையில் ஒரு மாதிரியுருக் கண்காட்சியில் பார்த்த படைப்பொன்றை முன்வைத்து, இதையும் ஒரு யதார்த்தவாதக் கலையாகவே விமர்சிக்கவேண்டும் என்று நான் கருதுகிறேன்.

இரண்டாம் உலகப்போர்க்கால பிரித்தானிய விமானத்தளத்தின் ‘ரி-2’ வகைக் கொட்டகை, உள்ளே லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம், அளவு 1/72. கடையில் வாங்கியது விமானம் மட்டுமே. கொட்டகையின் இரும்புச் சட்டங்கள் பிளாஸ்ரிக் தகட்டிலிருந்து கையால் வெட்டப்பட்டவை. கூரைத் தகரத்தின் நெளிவுகள் சமையலறை அலுமினியத் தாளில் அழுத்தி எடுத்தவை. நீர்த்த ஒயில் வர்ணம் பொருத்துகளில் வழிந்து துருவாகியிருக்கிறது. உண்மைக் கொட்டகை ஏறத்தாழ 240 அடி நீளமானது. இந்த அளவில் ஒரு மீற்றருக்குச் சற்று மேல் வரும். அவர் பாதியை வெட்டிவிட்டார். அது பாதகமில்லை.

போர்க்கலை பெரும்பாலும் விமானியையே கொண்டாடும். இங்கே தொழிலாளி முன்னுக்கு நிற்கிறான். மெர்லின் எஞ்சினின் மூடியைக் கழற்றிவிட்டு ஏணியில் நிற்பவனின் முதுகு வளைவில் களைப்புத் தெரிகிறது. தேநீர்க் குவளைகூட உண்டு (அரிசியிலும் சிறியது!). இது மெச்சத்தக்கது.

ஆனால் கொட்டகையைத் தேர்ந்தெடுத்ததிலேயே ஒரு தப்பித்தல் இருக்கிறது. லங்காஸ்டருக்குக் குண்டேற்றியது வெளியே, திறந்தவெளித் தரிப்பிடத்தில். கொட்டகை பராமரிப்புக்குரிய இடம். ஆகவே குண்டில்லாத குண்டுவீச்சு விமானத்தை, வரலாற்றுத் தவறெதுவும் இழைக்காமலே, இங்கு காட்டிவிடலாம். 1945 பெப்ரவரியில் 25,000 பேர்வரை மாண்ட டிரெஸ்டன் பலகையின் விளிம்புக்கு வெளியே போய்விடுகிறது. எடுத்துரைப்பதையும் வெறுமனே விவரிப்பதையும் பிரித்துக் காட்டி லூக்காக்ஸ் 1936இல் எழுதிய கட்டுரை எமது வாசகர்களுக்குப் புதிதல்ல. ஒவ்வொரு ரிவிட்டையும் விவரிக்கும் இக்கலை, அந்த விமானம் எதற்காகப் பழுதுபார்க்கப்படுகிறது என்பதை எடுத்துரைப்பதில்லை.

‘பொழுதுபோக்கிடம் இதையெல்லாம் கேட்பதா?’ என்று ஒரு நண்பர் சலித்துக்கொண்டார். கேட்கத்தான் வேண்டும். 1990இல் யாழ்ப்பாணத்துப் பங்கர் வாசல்களிலிருந்து நாங்கள் அண்ணாந்து பார்த்த சியாமாசெட்டி, பயிற்சி விமானமாக இத்தாலியில் வடிவமைக்கப்பட்டது. எமக்குத் தெரிந்ததெல்லாம் அதன் அடிவயிறும் குத்திவரும் இரைச்சலுந்தான். அதற்கும் ஒரு கொட்டகை இருந்தது. எண்ணெய் துடைத்த கைகள் இருந்தன. அந்தக் கொட்டகையை யாராவது 1/72இல் செய்வாராயின் எண்ணெய்க் கறைவரை எல்லாம் சரியாகவே இருக்கலாம். பங்கரை எந்தப் பலகையில் வைப்பீர்கள் என்றுதான் அவரிடம் முதலில் கேட்பேன்.