திரையில் மாலைக்கண்

பண்ணைப்புரத்தில் 1943-இல் பிறந்த இளையராஜா இசையமைத்த படங்களுள் இரண்டை இங்கு எடுத்துக்கொள்வோம். ஒன்று, சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய 'ராஜபார்வை' (1981). மற்றொன்று, பி. வாசு இயக்கிய 'சின்னத்தம்பி' (1991). முன்னதன் நாயகன் பார்வையற்ற வயலின் கலைஞன். பின்னதில் கவுண்டமணி ஏற்ற பாத்திரத்துக்கு மாலைக்கண். முதலாமவனுக்காக நெகிழ்கிறோம்; இரண்டாமவனைக் கண்டு வயிறு குலுங்கச் சிரிக்கிறோம். ஆனால் ஒரே மனிதன் தன் வாழ்நாளில் இந்த இரு நிலைகளையும் கடக்க நேரிடும் என்கிறது மருத்துவம்.

மாலைக்கண் என்றதும் வைட்டமின் ஏ குறைவே நம் நினைவுக்கு வரும். அந்தக் குறைவை உணவாலும் மருந்தாலும் சரிசெய்யலாம். பரம்பரையாக வரும் மாலைக்கண்ணும் உண்டு. அவற்றுள் முக்கியமானது ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. உலகில் ஏறத்தாழ 4,000 பேரில் ஒருவருக்கு இது வருகிறது. விழித்திரையில் மங்கலான ஒளியை உணர்பவை கோல் செல்கள். மரபணுப் பழுதால் இவை முதலில் அழிகின்றன. பிறகு பக்கப் பார்வை சுருங்கி, குழாய் வழியே பார்ப்பது போலாகிறது. பல ஆண்டுகள் கழித்து நடுப்பார்வையும் மங்கலாம்.

இடைப்பட்ட அந்த ஆண்டுகளே நம் திரைக்கு எட்டாதவை. கம்பம் பள்ளத்தாக்கில் மேற்கு மலைக்குப் பின் சூரியன் மறைந்ததும் வரப்பில் தடுமாறும் ஒருவர், மறுநாள் காலையில் செய்தித்தாளைத் தெளிவாகப் படிப்பார். ஊரார் என்ன சொல்வார்கள்? 'நடிக்கிறான்' என்பார்கள். திரையிலோ கண் தெரியும், அல்லது அறவே தெரியாது. மூன்றாவது நிலை இல்லை. சட்டம் இதைத் தெளிவாக உணர்ந்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன்படி, பார்வைப் புலம் 40 டிகிரிக்குக் கீழே சுருங்கினால் அது குறைபார்வை. 10 டிகிரிக்கும் கீழே போனால் பார்வையின்மை.

'ராஜபார்வை'யின் சிறப்பு, நாயகனுக்குத் தொழிலும் கோபமும் காதலும் தந்து அவனை முழு மனிதனாக நிறுத்தியது. அதில் தாத்தாவாக நடித்த எல்.வி. பிரசாத்தின் பெயரை 1987-இல் தொடங்கிய ஹைதராபாத் கண் மருத்துவமனை தாங்கி நிற்பது பொருத்தமே.

'சின்னத்தம்பி'யின் நகைச்சுவையில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது: அந்த மனிதன் தன் குறையை மறைக்கிறான். வாழ்க்கையிலும் பலர் மறைக்கிறார்கள். பெண் கிடைக்காது, வேலை போய்விடும் என்ற அச்சம். அந்த அச்சத்துக்கு நம் சிரிப்பும் ஒரு காரணம் அன்றோ? மறைப்பதால் இழப்பு பெரிது. நோயின் ஒருவகை, தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் தோன்றும். தாய்மாமன், அத்தை மகன் போன்ற நெருங்கிய உறவில் மணம் முடிக்கும்போது அதற்கு வாய்ப்பு கூடுகிறது. குறையை மறைத்த குடும்பத்தில் இந்த எச்சரிக்கையைச் சொல்வது யார்?

கண் தானத்தால் பார்வை திரும்பும் முடிவும் நம் கதைகளில் பழகிப்போனது. மாற்றிப் பொருத்துவது கருவிழியைத்தான். இந்நோயாளிக்குப் பழுதோ விழித்திரையில். ஆர்பிஇ65 என்னும் ஒரு மரபணுவின் பழுதுக்கு மட்டும் 2017-இல் அமெரிக்கா மரபணுச் சிகிச்சையை அனுமதித்தது. மற்றவர்களுக்கு இன்றும் கைகொடுப்பவை முறையான பரிசோதனை, ஊன்றுகோல், நல்ல வெளிச்சம், சுற்றியிருப்போரின் புரிதல்.

பகலில் படித்து இரவில் தடுமாறும் ஒருவனைச் சிரிப்பும் கண்ணீரும் இன்றிக் காட்டும் தமிழ்ப்படம் ஒன்று வரட்டும். அதுவரை, வரப்பில் தடுமாறுபவரின் கையைப் பிடிப்போம். காலையில் அவர் செய்தித்தாள் படித்தால் ஐயுறாதிருப்போம்.