கால்வாய்க்கு ஓட்டு இல்லை

"யாருக்குப் போட்டாலும் ஒண்ணுதான் தம்பி." கிள்ளான் சாப்பாட்டுக் கடையில் ஓர் அண்ணன் சொன்னார். 2018-இல் வரிசையில் நின்று ஆட்சியை மாற்றியவர். ஷெரட்டன் நகர்வில் அந்த ஆட்சி 22 மாதத்தில் கவிழ்ந்ததே காரணம் என்போம். ஆனால் கட்சித் தாவலுக்கு எதிரான சட்டம் 2022-லேயே வந்துவிட்டது. சலிப்பு போகலையே?

கோளாறு இன்னும் கீழே இருக்கிறது. கால்வாய், குப்பை, கடை லைசென்ஸ் எல்லாம் ஊராட்சி மன்றத்தின் கையில். அதன் கவுன்சிலர்களை மாநில அரசு நியமிக்கிறது. பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்கு அதுவும் இல்லை. கோலாலம்பூரில் நியமன மேயர் மட்டும்தான்.

1952-இல் கோலாலம்பூரில் நகராட்சித் தேர்தல் நடந்தது. அம்னோவும் மசீசவும் முதலில் கைகோத்ததே அதில்தான். 1965-இல் இந்தோனேசிய மோதலைக் காட்டித் தேர்தலை நிறுத்தினார்கள். மோதல் மறுவருடமே முடிந்தது, தேர்தல் திரும்பவில்லை. திரும்பக் கொண்டுவரச் சொன்ன அரச ஆணையத்தின் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன். நம்மாள்! பள்ளியில் அவர் பெயரைக் கேட்ட ஞாபகமே எனக்கில்லை. 1976 ஊராட்சிச் சட்டம் கதவை அடைத்தே விட்டது.

எதிர்க்கட்சியில் இருந்தபோது இதைக் கேட்டவர்கள் 2008-இல் சிலாங்கூரைப் பிடித்தார்கள், 2018-இல் புத்ராஜெயாவுக்கும் போனார்கள். நடக்கவில்லை. இனச்சிக்கல் வரும் என்று மகாதீர் மறுத்தார். இந்தப் பயத்தைக் காட்டினாலே போதும், எல்லாரும் வாயை மூடிக்கொள்கிறோம்.

உங்க கவுன்சிலர் யாருண்ணே என்று கேட்டேன். அவருக்குத் தெரியல. எனக்கும்தான்.